திருவரங்கக் கோபுரமும் ஒளிக்கதிர் அளவையும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், திருவரங்கம் அரங்கநாதர் கோயிலின் கீழவாசல் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் நேரவில்லை. எனினும் வரலாற்று மாணவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமலிராது. பழங்கட்டடத்தின் உறுப்பொன்று விழுந்துவிடின், அதனை மீண்டும் அமைப்போர் எதனை ஆதாரமாகக் கொள்வர்?

பழமையைப் பதிந்து வைக்கும் முயற்சி இவ்வூருக்குப் புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஈரூர்க் காட்சிகளையும் 1858இல் படத்தொகுதிகளாக வெளியிட்டார். தெற்கு இராஜகோபுரம் அந்நாளில் முற்றுப்பெறாதிருந்தது. 1987இல்தான் 236 அடி உயரத்துடன் நிறைவெய்தியது. இவ்வாறு மாறிவரும் ஊரின் பழந்தோற்றத்தை அறிய அத்தகைய படங்கள் துணைபுரிகின்றன. ஆயினும் தனிப்படம் தோற்றத்தைக் காட்டுமேயன்றி, முழு அளவையும் தாராது.

இக்குறையை நீக்குவது இக்கால லேசர் அளவைமுறை. கருவியினின்று புறப்படும் ஒளிக்கதிர் சுவரிற்பட்டுத் திரும்பும் நேரத்தைக்கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. இங்ஙனம் திரட்டிய கோடிக்கணக்கான புள்ளிகளால் கணிப்பொறியில் கட்டடத்தின் முப்பரிமாண உருவம் அமைகின்றது. பாரிஸ் நகரத்து நோட்ரடாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் இம்முறையில் அளந்து வைத்தார். 2018இல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15இல் பேராலயக் கூரை தீக்கிரையாயிற்று. அவர் விட்டுச்சென்ற அளவுகள் சீரமைப்போருக்கு உதவின. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

திருச்சபையாராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. சுவார்ட்ஸ் ஐயர் முயற்சியால் 1766இல் எழுந்த கிறிஸ்துநாதர் ஆலயமும், 1826 ஏப்ரல் 3ஆம் நாள் இவ்வூரில் மரித்த பேராயர் ஹீபர் அடக்கம் செய்யப்பட்ட தூய யோவான் ஆலயமும் திருச்சிராப்பள்ளியின் செல்வங்கள். இத்துணைப் புகழ்பெறாத சிற்றூர் ஆலயங்களோ பல. சபை பெருகுங்கால் பழைய ஆலயத்தை இடித்துப் பெரியதொன்று கட்டுதல் நம்மிடை வழக்கமாகியுள்ளது. இடநெருக்கடி மெய்யே. ஆனால், அளவோ படமோ எடாது இடித்தபின், முன்னோர் கூடித் தொழுத இடத்தின் அமைப்பை வருந்தலைமுறைக்கு எவ்வாறு காட்டுவோம்?

லேசர் கருவி பெறவியலாத சபைகளும் சோர்வடைய வேண்டுவதில்லை. அளவுநாடாவைக்கொண்டு அளந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எப்புறமும் படமெடுத்தால், அப்படங்களினின்றே முப்பரிமாண உருவத்தைக் கணிப்பொறி அமைத்துத்தரும். ஆயர்கள் வாலிபரைக்கொண்டே இதனைச் செய்விக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உருவம் கணிப்பொறியில் உள்ளதே என்று சுவரை இடிக்கத் துணிதல் தகாது. அளவு கட்டடத்திற்குச் சாட்சியேயன்றி, அதற்கு ஈடாகாது.