பாலை வழியும் மலை வழியும்

சவ்வாது மலைத்தொடரின் மேற்புறத்து அடிவாரத்தில் அமைந்த பேரூர் ஆலங்காயம். இவ்வூரைக் கடந்து காவலூரை நோக்கி ஏறும் சாலையில் இன்று விடுமுறை நாட்களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாகச் செல்வதைக் காணலாம். வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் குடும்பத்தோடு வருவோர் மலைக்காற்றை நுகர்ந்து, வளைவுகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலையில் இறங்கிவிடுகின்றனர். உம்ராவுக்குச் செல்லும் நம்மவரும் வாய்ப்புக் கிடைத்தால் மக்காவிலிருந்து ஹதா மலைச்சாலை வழியாகத் தாயிஃப் நகருக்கு ஏறி, கீழே விரிந்து கிடக்கும் பாலைநிலத்தைக் கண்டு வியக்கின்றனர்.

இயற்கையின் எழிலைக் கண்டு மகிழ்வது குற்றமன்று. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறை நம்மைப் பலமுறை தூண்டுகின்றது. ஆயினும் அழகை நோக்கும் கண், அவ்வழகிய வழியை நமக்கு ஆக்கித் தந்தோரையும் நோக்க வேண்டும். பாலையையும் மலையையும் முன்னோர் எவ்வாறு கடந்தனர்? கடந்து சென்றபின், பின்வருவோருக்காக எதை விட்டுச் சென்றனர்? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடை நாம் சிந்திக்கத் தக்கது.

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குவோம். சவ்வாது மலையின் தென்புறத்தில் உள்ளது செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா என வழங்கிய இவ்வூரை ஆண்ட நன்னன் என்னும் குறுநிலத் தலைவனைப் பாடியதே பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இந்நூல் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையுற்று எதிரே வரும் கலைஞனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. தான் பெற்றதைத் தன்னோடு முடித்துக்கொள்ளாமல் பிறருக்கும் அவ்வழியைக் காட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்டது தமிழ்.

அந்நூல் மலையின் அழகை மட்டும் பாடி நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்களுக்கு எவ்வாறு ஒதுங்க வேண்டும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றி நடக்க வேண்டும், எந்த ஊரில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் விரித்துரைக்கின்றது. இவற்றினும் சிறந்த அறிவுரை ஒன்றும் அதில் உண்டு. வழி பிரியும் இடங்களில், பின்னால் வரும் புதியவர் திகைக்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்க என்பதே அது. ஒரு கைப்பிடிப் புல்லை முடிய எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அம்முடிச்சு, முன் செல்பவனுக்கு எவ்விதப் பயனும் தருவதில்லை. முகமறியாத ஒருவனுக்காகவே அது முடியப்படுகின்றது.

இனி, இதே உள்ளத்தை அரபுப் பாலைவெளியிலும் காண்போம். ஹிஜ்ரி 725, கி.பி. 1325-இல் மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவை நம் வாசகர் அறிவர். மறுஆண்டு அவர் திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுச் சாத்தோடு தெற்கே பயணமானார். தபூக்கில் சாத்து நான்கு நாட்கள் தங்கிற்று. காரணம், அதற்கு அப்பால் அல்உலா வரை உள்ள கொடும்பாலை. தண்ணீர் சுமப்போர் எருமைத் தோல்களைக் கொண்டு பெருந்தொட்டிகளை அமைத்து, ஊற்று நீரை அவற்றில் நிரப்பி, ஒட்டகங்களுக்கு ஊட்டியபின் தோற்பைகளிலும் நிறைத்தனர் என அவர் எழுதுகின்றார். இடையில் அல்உகைதிர் என்னும் பள்ளத்தாக்கு வருகின்றது. ஓர் ஆண்டு அனற்காற்று வீசி நீரெல்லாம் வற்றிய வேளையில் அங்கு ஒரு மிடறு தண்ணீரின் விலை ஆயிரம் தீனாரைத் தொட்டது என்றும், விற்றவனும் வாங்கியவனும் சேர்ந்தே மாண்டனர் என்றும் அவர் கேட்டறிந்தார். தண்ணீரில்லாத இடத்தில் பொன்னுக்கு மதிப்பில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஹஜ்ஜை முடித்துக்கொண்டு இராக்கியச் சாத்தோடு அவர் சென்ற வழியோ வேறு. அதுவே தர்பு சுபைதா, அதாவது சுபைதாவின் பாதை. கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இப்பாதையைச் செம்மை செய்வித்த அம்மையார், கலீஃபா மன்ஸூரின் பேத்தியும் ஹாரூன் அர்ரஷீதின் துணைவியுமாவார். ஹிஜ்ரி 216, கி.பி. 831-இல் அவர் மறைந்தார். அவ்வழியெங்கும் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் எழுந்தன; தொலைவைக் காட்டும் மைற்கற்கள் நடப்பட்டன. நுஃமான் பள்ளத்தாக்கின் நீரை அரஃபாவுக்கும் மக்காவின் புறத்துக்கும் கொண்டுவந்த கால்வாயும் அவர் பெயராலேயே வழங்கிற்று. செலவைக் கண்டு பணியாளர் தயங்கியபோது, கோடரி வீச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனார் ஆனாலும் பணி நடக்கட்டும் என்று அம்மையார் கட்டளையிட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறித்துள்ளார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அவ்வழியே சென்ற இப்னு பதூதா, அங்குள்ள குளங்களும் கிணறுகளும் அவருடைய அறத்தால் விளைந்தவை என நன்றியோடு நினைவுகூர்கின்றார்.

அந்த நீர்த்தேக்கங்களின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பலவற்றில் பெருந்தொட்டிக்கு முன்னே ஒரு சிறு தொட்டி கட்டப்பட்டிருக்கும். மழைவெள்ளம் முதலில் அதில் தேங்கும். சேறும் மணலும் அடியில் படியும். தெளிந்த நீரே பெருந்தொட்டிக்குள் செல்லும். தண்ணீரைத் தருவதோடு நில்லாது, தூய தண்ணீரைத் தர வேண்டும் என எண்ணினர் அப்பெரியோர்.

1352-இல் ஸஹாராவைக் கடந்தபோது இப்னு பதூதா கண்டது மற்றொரு வகை. அங்கே பாதையும் இல்லை, குளமும் இல்லை. சாத்தினர் ‘தக்ஷீஃப்’ என்னும் ஒரு தனி மனிதரை அமர்த்தி வலாத்தா நகருக்கு முன்னதாக அனுப்புவர். அவர் தனியே பாலையைக் கடந்து செய்தி சொன்னால்தான் நகரத்தார் நான்கு இரவுப் பயணத் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்கொண்டு வருவர். அவர் வழியில் மாண்டால், சாத்து முழுவதுமோ அதில் பெரும்பகுதியோ அழியும். இப்னு பதூதா சென்ற சாத்தின் வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை, மற்றொன்றும் நோயுற்றிருந்தது. எனினும் அவரைப் போல் அவ்வழியை அறிந்தவர் எவருமில்லை. ஏழாம் நாள் இரவு, எதிர்கொண்டு வந்தோர் மூட்டிய தீ தொலைவில் தெரிந்தபோது சாத்தினர் மகிழ்ந்தனர்.

மலை வழிகளும் இவ்வாறே. இந்துகுஷ் மலையைக் கடக்கையில் ஒட்டகங்கள் பனியில் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளங்களை விரித்துக்கொண்டே சென்றதாக இப்னு பதூதா எழுதுகின்றார். 1344-இல் இலங்கையில் பாவா ஆதம் மலையில் ஏறியபோது, செங்குத்தான பாறைகளில் முன்னோர் படிகளை வெட்டி, பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகளைப் பொருத்தியிருப்பதைக் கண்டார். அங்கிருந்தே அவர் நம் மஃபர் கரைக்கு வந்து மதுரையையும் கண்டார்.

புல் முடிச்சு, மைற்கல், நீர்த்தொட்டி, தீ, சங்கிலி ஆகிய இவை யாவும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு சமயத்தார் செய்தவை. ஆயினும் இவற்றின் உட்பொருள் ஒன்றே: வழி என்பது ஓர் அமானத். முன்னவரிடமிருந்து பெற்றதைப் பின்னவரிடம் பழுதின்றி ஒப்படைக்க வேண்டும். இஸ்லாம் இதனை வணக்கத்தின் நிலைக்கே உயர்த்திற்று. ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றனர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நீர்நிலைகளையும், மக்கள் நடக்கும் பாதையையும், அவர்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவோர் சாபத்துக்குரியோர் என்றும் எச்சரித்தனர்.

இவ்வெச்சரிக்கையை நெஞ்சில் இருத்தி, மலையிலிருந்து இறங்கி நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். தபூக்கில் தோல் தண்ணீரைக் காத்தது; நம் பள்ளத்தாக்கிலோ தோலுக்காகத் தண்ணீர் கெட்டது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் மாறி, 1970-களுக்குப் பின் குரோம் உப்பு முறை பரவிற்று. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதையும், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற் போனதையும் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியோரே அதற்குரிய ஈட்டைச் செலுத்த வேண்டும் என்ற நெறியையும் வகுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனாலும் தீங்கு முற்றும் நீங்கவில்லை என்பதை 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் உணர்த்தியுள்ளது. மணற்கொள்ளை முதலான பிற காரணங்களும் ஆற்றின் அழிவில் உண்டு. எனினும் பிறர் குற்றத்தைக் காட்டி நம் பங்கை மறைப்பது மார்க்கம் அறிந்தோர்க்கு அழகன்று.

இத்தொழில் நமக்குச் சோறிட்டது. பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் கல்லூரிகளையும் எழுப்பிற்று. அந்நன்றியை மறக்கலாகாது. ஆயின் மினாரா எழுப்புவது அறமெனில், கழிவுநீரைத் தெளிவித்த பின்னரே வெளிவிடுவதும் அறமே. சுபைதா அம்மையாரின் சிறு தொட்டி கற்பிக்கும் பாடம் இதுவன்றோ? தொழில் நடத்துவோர் சுத்திகரிப்புச் செலவைச் சட்டத்துக்குச் செலுத்தும் தண்டமாகக் கருதாமல், நிலையான தர்மமாகிய ஸதக்கா ஜாரியாவாகக் கருதுவாராக. ஜும்ஆ மேடைகளில் தொழுகையையும் நோன்பையும் பற்றிப் பேசுவது போன்றே நீரின் உரிமையைப் பற்றியும் ஆலிம்கள் பேசுவாராக.

தொழிலில் ஈடுபடாத குடும்பங்களுக்கும் பங்குண்டு. காவலூர்ச் சாலையில் ஏறும்போது அம்மலையில் தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர் என்பதை நினைக்க வேண்டும். நாம் வேடிக்கை பார்க்கும் ஓடையே அவர்தம் குடிநீராக இருக்கலாம். தண்ணீர்ப் புட்டிகளையும் பிளாஸ்டிக் தாள்களையும் அங்கே எறிந்துவிட்டு வருவது, புல்லை முடிந்து சென்ற முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதையன்று. குழந்தைகளை மலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பழக்கத்தையும் கூடவே கற்பிக்கட்டும்.

சுபைதா அம்மையாரின் அரண்மனை இன்று இல்லை. அவர் அமைத்த நீர்த்தொட்டிகளோ பாலையில் இன்னும் நிற்கின்றன. நம் பாலாற்றின் கிணறுகளில் எத்தகைய நீரை நாம் விட்டுச் செல்கின்றோமோ, அதனைக் கொண்டே நம் பேரப் பிள்ளைகள் நம்மை மதிப்பிடுவர். மறுமையில் கேட்கப்படும் கணக்கோ தனி. வல்ல அல்லாஹ் நம்மை வழி கெடுப்போராக அன்றி, வழி அமைப்போராக ஆக்கியருள்வானாக!