பேட்டரி கார்: முதியோர் குடியிருப்புகளில் பயன்பாடும் பாதுகாப்பும்

பேட்டரி கார் என்று தமிழ்நாட்டில் பொதுவாக வழங்கப்படுவது, மின்கலத்தால் இயங்குவதும், பக்கக் கதவுகள் இல்லாமல் மேலே கூரை மட்டும் கொண்டதும், மணிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுவதுமான சிறிய நான்கு சக்கர வண்டியாகும். கோல்ஃப் திடலில் ஆட்டக்காரர்களையும் மட்டைப் பைகளையும் ஏற்றிச் செல்வதற்காக உருவான வண்டி இது என்பதால், ஆங்கிலம் பேசும் நாடுகளில் கோல்ஃப் கார்ட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் கோல்ஃப் திடல் ஒன்று உண்டெனினும், கொங்கு நாட்டு மக்களுக்கு இவ்வண்டி அறிமுகமானது அங்கிருந்து அன்று. ரயில் நிலைய நடைமேடை, மருத்துவமனை வளாகம், கோயில் ஆகிய இடங்களில்தான் அவர்கள் இதைக் கண்டும் ஏறியும் பழகினர். கொங்கின் 24 நாடுகளுள் ஒன்றான வையாபுரி நாட்டைச் சேர்ந்த பழனியில், கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்கள் செல்வது 2024ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவின் வழியே நிறுத்தப்பட்ட பின், மலையைச் சுற்றிவர இயலாத பக்தர்களுக்குத் திருக்கோயிலின் பேட்டரி கார்களே துணையாயின. முதியோர் குடியிருப்புகளில் இதன் இடம் இன்னும் நெருக்கமானது: அங்கே இது வீட்டு வாசலுக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே நாள்தோறும் பலமுறை வந்துபோகும் அன்றாட வண்டி.

முதியோர் குடியிருப்பும் கொங்கு நாடும்

முதியோர் குடியிருப்பு என்பது, பொதுவாக 55 அல்லது 60 வயது கடந்தோர் தமக்கென வீடு வாங்கியோ நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தோ வாழ்வதற்கும், சமையல், துப்புரவு, மருத்துவ உதவி, காவல் ஆகியவற்றைப் பராமரிப்புக் கட்டணம் செலுத்திப் பொதுவாகப் பெறுவதற்கும் அமைக்கப்பட்ட சுற்றுச்சுவர் உள்ள வளாகமாகும். ஆதரவற்றோருக்கான முதியோர் இல்லத்திலிருந்து இது முற்றிலும் வேறானது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இவ்வகையில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கே. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெற்றோர் தங்குவதற்கு ஏற்ற ஊராகக் கோயம்புத்தூர் கருதப்படுவதற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், சிறுவாணித் தண்ணீரும், அரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய பெரிய மருத்துவமனைகளும் காரணங்கள். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் ஆகிய மேற்குப் பகுதிகளில் இத்தகைய குடியிருப்புகள் பல எழுந்தன. தோட்டமும் தென்னந்தோப்பும் இருந்த நிலங்களில் மனை பிரித்துக் கட்டப்பட்டமையால் இவற்றுட் பல தரைத்தள வீடுகளாகப் பரந்து கிடக்கின்றன. கடைசி வரிசையில் இருப்பவர் சாப்பாட்டுக் கூடத்துக்குச் செல்ல ஐந்நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கலாம். மூட்டுவலி உள்ளவருக்கு அது பெருந்தொலைவு. பேட்டரி கார் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவில் இதே வண்டி வேறு வழியில் முதியோரிடம் சென்று சேர்ந்தது. 1960 சனவரி 1 அன்று அரிசோனாவில் டெல் வெப் என்னும் கட்டுமானத் தொழிலதிபர் திறந்த சன் சிட்டி, கோல்ஃப் திடல்களைச் சுற்றியே திட்டமிடப்பட்ட ஓய்வூர். திடலுக்கென வாங்கிய வண்டி அங்கே கடைக்கும் தேவாலயத்துக்கும் போகத் தொடங்கியது. ஃபுளோரிடாவின் தி வில்லேஜஸ் என்னும் மிகப் பெரிய முதியோர் நகரில் இதற்கெனத் தனிப் பாதைகளும் சுரங்க வழிகளும் உள்ளன. அங்கே வண்டி குடியிருப்பவரின் சொந்தம், ஓட்டுபவரும் அவரே. கோயம்புத்தூர்க் குடியிருப்புகளிலோ பெரும்பாலும் வண்டி நிர்வாகத்துடையது, ஓட்டுபவர் சம்பளம் பெறும் டிரைவர் அல்லது அவர் இல்லாத வேளையில் செக்யூரிட்டி. பாதுகாப்புப் பற்றிய பொறுப்பை இங்கே பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

விழுதல் என்னும் முதன்மை ஆபத்து

மெதுவாகப் போகும் வண்டி ஆபத்தில்லாதது என்ற எண்ணமே இத்துறையின் மிகப் பெரிய பிழை. 1990 முதல் 2006 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த கோல்ஃப் கார்ட் காயங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, அக்காலத்தில் ஏறத்தாழ 1,48,000 பேர் காயமுற்றதாகவும், ஆண்டுக்கான எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்ததாகவும் மதிப்பிட்டது. காயங்களுக்கான காரணங்களில் முதலிடம் பெற்றது மோதல் அன்று. வண்டியிலிருந்து விழுதல் அல்லது குதித்தல். மொத்தத்தில் அது 38 விழுக்காடு. காயமுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 16 வயதுக்குட்பட்டவர் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இவ்விழுகையின் இயக்கத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி திரும்பும்போது, 60 கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமார் 38 கிலோ எடைக்கு ஈடான விசை வெளிப்பக்கமாகத் தள்ளுவது போன்ற நிலை ஏற்படுகிறது. 10 கிலோமீட்டர் வேகத்தில் அதே வளைவு ஒன்பது பத்து கிலோ அளவுக்கே தள்ளும். வேகம் பாதியானால் தள்ளும் விசை கால் பங்காகிவிடுகிறது. டிரைவருக்குப் பற்றிக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது, திரும்பப்போவதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. ரெக்சின் உறை வழுவழுப்பானது, கைப்பிடி இடுப்புக்கும் கீழே, மடியில் மருந்துப் பையோ டிபன் கேரியரோ இருப்பதால் ஒரு கையும் ஓய்வில்லை. வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வண்டியில் இடப்புறம் அமர்ந்திருப்பவர் வலப்பக்கத் திருப்பத்தில்தான் வெளியே சரிவார். இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் இது நேர்மாறாகும். நன்றாக ஓட்டத் தெரிந்த டிரைவர்கூடக் காருக்கும் பேட்டரி காருக்கும் உள்ள இந்த வேற்றுமையை உணராமல், கதவும் சீட் பெல்ட்டும் இருக்கும் வண்டியில் திரும்புவதைப் போலவே திருப்பிவிடுவதுண்டு.

பின்னோக்கிய இருக்கை இதைவிடக் கவலைக்குரியது. அதில் அமர்ந்தவர் சாலையைப் பார்க்க முடியாது. வண்டி சட்டென முன்னே பாய்ந்தால் அவருடைய உடல் பின்தங்கி, கால்மிதிப் பலகையைத் தாண்டித் தரைக்குப் போகும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தருவது என்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் முதல் நொடிதான் பின்னிருக்கைக்கு மிகக் கொடிய நொடி. முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்து, வலிக்கும் முழங்காலை முதலில் தூக்கி வைத்து, மறு காலை இழுத்துக்கொண்டு, உடலைத் திருப்பி உட்கார்ந்து, சேலைத் தலைப்பையோ வேட்டி நுனியையோ ஒதுக்கி முடிக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகலாம். "ஏறிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும் டிரைவருக்கும், எடை ஏறியதை வண்டியின் அசைவில் உணர்ந்து உடனே மிதித்துவிடும் டிரைவருக்கும் இடையில் இருப்பது ஓர் இடுப்பெலும்பு.

பிரேக்கின் அமைப்பும் அறியத்தக்கது. இவ்வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. சரிவில் இறங்கும்போது எடை முன்சக்கரங்களின்மேல் சாய்ந்துவிடுவதால், அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் இறுகி வழுக்கி, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பக்கூடும். மருதமலை அடிவாரத்தையொட்டிய மேட்டு நிலங்களில் சரிவான உட்சாலைகள் இயல்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவற்றின்மேல் பாசியும் உதிர்ந்த இலையும் படியும்போது வழுக்கல் கூடும். ஆறு பேர் ஏறிய வண்டியின் மொத்த எடை ஒரு டன்னை நெருங்கும் என்பதையும், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, மிதித்து, வண்டி நிற்கப் பதின்மூன்று மீட்டர்வரை ஆகலாம் என்பதையும் சேர்த்து எண்ணினால், வளைவுக்கு அப்பால் நடைப்பயிற்சியில் வரும் ஒருவருக்கு எஞ்சும் இடைவெளி எவ்வளவு என்பது விளங்கும்.

ஓசையின்மை

மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்து பெயர் பெற்ற கோயம்புத்தூர், 1937இல் ஜி. டி. நாயுடு முயற்சியில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தந்த ஊராகவும் போற்றப்படுகிறது. அந்த மோட்டாரின் அமைதியான ஓட்டமே இங்கே ஒரு குறையாக மாறுகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பேட்டரி காரிலிருந்து எழும் மெல்லிய கீச்சொலியும் அவ்வகையினது. மின்வாகனங்கள் 20 கிலோமீட்டர் வேகம்வரை செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என ஐக்கிய நாடுகள் அவையின் 138ஆம் விதிமுறை 2016இல் வகுத்ததற்கு அவற்றின் ஓசையின்மையே காரணம். வளாக வண்டிகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. விடியற்காலையில் முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியைக் கேளாமல், திடீரென்று அடித்த ஹாரனில் திடுக்கிட்டுத் தடுமாறி விழுவதும் வண்டியால் நேர்ந்த விபத்தே, வண்டி அவரைத் தொடாவிட்டாலும்.

கவனக்குறைவின் வடிவங்கள்

கவனக்குறைவு என்பது வேகத்தை மட்டும் குறிப்பதன்று. சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்வது, சரிவில் கைப்பிரேக் போடாமல் நிறுத்துவது, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது, கால்மிதிப் பலகையில் ஆளை நிற்கவைத்து ஏற்றுவது, பின்னால் பாராமல் ரிவர்ஸ் எடுப்பது ஆகிய யாவும் இதில் அடங்கும். இவற்றுள் தனியே சொல்லத்தக்கது கோடை விடுமுறை. மே மாதத்தில் தாத்தாவையும் பாட்டியையும் பார்க்க வரும் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வண்டி விளையாட்டுப் பொருளாகத் தெரிகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, தாத்தா பக்கத்தில் அமர்ந்து மகிழ்வதை வளாகத்தில் எவரும் தடுக்க மனம் கொள்வதில்லை. அந்த அன்பு புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும், பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று பதற்றத்தில் மறந்துவிடும் வயது அது. ஃபுளோரிடா மாநிலம் 14 வயதில் பொதுச்சாலைகளில் கோல்ஃப் கார்ட் ஓட்ட அளித்திருந்த இசைவை 2023இல் திருத்தி, 18 வயதுக்குட்பட்டோர் பழகுநர் அல்லது ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றாக்கியது.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2(28) பிரிவில், தொழிற்சாலை அல்லது வேறு அடைப்புள்ள வளாகத்துக்குள் மட்டும் பயன்படத்தக்கதாக அமைந்த சிறப்பு வகை வண்டியை மோட்டார் வாகனம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமாவது 'பொது இடத்தில்', அதாவது பொதுமக்களுக்கு நுழைவுரிமை உள்ள இடத்தில். ஆகவே கேட்டுக்குள் மட்டும் ஓடும் பேட்டரி கார் பதிவெண் இன்றி ஓடுகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் பொது இடம் என்பதற்கு விரிந்த பொருள் கொண்டதும் உண்டு என்பதால், இவ்விலக்கை முழுக் கவசமாகக் கொள்ள இயலாது. அதே வண்டி பால் வாங்கவோ எதிரேயுள்ள கோயிலுக்கோ கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கினால், பதிவும் காப்பீடும் உரிமமும் இல்லாத வாகனமாகிவிடுகிறது. மின்வண்டிகளுக்கு உரிமம் வேண்டாம் என்ற பேச்சு, 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ளவற்றுக்கே பொருந்தும். பேட்டரி காரின் மோட்டாரோ சில கிலோவாட் திறனுடையது.

குற்றவியல் சட்டம் சுற்றுச்சுவரோடு நின்றுவிடுவதில்லை. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொதுவழியில் முரட்டுத்தனமாக ஓட்டுவதைப் பற்றியது என்றாலும், பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஊறு நேரும்படி அசட்டையாக நடப்பதைத் தண்டிக்கும் 125ஆம் பிரிவும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கும் 106ஆம் பிரிவும் இடத்தைப் பார்ப்பதில்லை. டிரைவரைப் பணிக்கு அமர்த்திய நிர்வாகத்தின் மீது இழப்பீட்டுப் பொறுப்பும் சுமத்தப்படலாம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் வெளியிட்ட முதியோர் குடியிருப்புக்கான மாதிரி நெறிமுறைகள் தடையற்ற நடைபாதை, கைப்பிடி, சரிவுப்பாதை ஆகியவற்றை வலியுறுத்தின. வண்டிக்கும் நடப்பவருக்கும் வழி தனித்தனியே இருப்பின் இக்கட்டுரையில் கூறிய ஆபத்துகளில் பல எழவே இடமிராது.

நிர்வாக நடைமுறை

வண்டியின் கன்ட்ரோலர் என்னும் மின்கட்டுப்பாட்டுக் கருவியிலேயே உச்ச வேகத்தைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராகக் குறைத்துவைக்க முடியும். டிரைவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பும் அறிவிப்புப் பலகையைவிட இது உறுதியானது. பின்னோக்கிய இருக்கையை முன்னோக்கி மாற்றுவது, மார்பளவு உயரத்தில் குறுக்குச் சங்கிலியோ பெல்ட்டோ பொருத்துவது, ஏறும் படியின் உயரத்தைக் குறைப்பது ஆகியவை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்யத்தக்கவை. ஈய அமில மின்கலங்கள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், வண்டிக் கொட்டகை காற்றோட்டமாக இருத்தல் வேண்டும். உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே சாவி என்ற விதியைக் குடியிருப்போர் நலச்சங்கம் பொதுக்குழுத் தீர்மானமாகவே எழுதிவைப்பது நல்லது. இல்லையெனில் செல்வாக்குள்ள குடியிருப்பாளர் ஒருவர் சாவி கேட்கும்போது, மாதச் சம்பளக்காரரான செக்யூரிட்டியால் மறுக்க முடியாது.

விழுந்தபின்

முதியவர் வண்டியிலிருந்து விழும் உயரம் இரண்டடிதான் என்றாலும், எலும்பு அடர்த்தி குறைந்த உடலில் அது தொடையெலும்பின் கழுத்தை முறிக்கப் போதுமானது. தானே எழுந்து நின்று "ஒண்ணுமில்லீங்க" என்பவரையும் உடனே நடத்திச் செல்லலாகாது. ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் அசைக்காமல் 108ஐ அழைப்பதே முறை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவரிடம் தலையில் பட்ட சிறு அடியும் மண்டைக்குள் மெல்லக் கசிவை உண்டாக்கி, நாட்கள் கழித்துக்கூட உறக்கச்சோர்வாகவும் குழப்பமாகவும் வெளிப்படக்கூடும் என்பதால், அவருக்கு ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அத்தகைய மாத்திரை உட்கொள்வோரின் வீட்டு எண்கள், வளாகத்துச் செவிலியரிடம் மட்டுமல்லாமல், இரவுப் பணியில் இருப்பவர் கையெட்டும் இடத்தில், வண்டிச் சாவி தொங்கும் பலகைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.