மீட்டர் யார் பெயரில்?

மலாயாவில் மின்சாரத்தின் கதையை 1894-இல் தொடங்குவது வழக்கம். ராவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் பொருத்தியவர்கள் லோக் யூ, தம்புசாமி பிள்ளை என்ற இருவர். நம் மேடைகளில் இதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லட்டும். ஆனால் ஒரு தமிழரும் சேர்ந்து கொண்டுவந்த கரண்டு தமிழர்களின் லயத்துக்கு வந்து சேர ஏன் அத்தனை காலம் பிடித்தது என்றும் அதே மேடையில் கேட்க வேண்டும். இன்று பி40 குடும்பங்களுக்கு அரசாங்கம் அறிவிக்கும் மின்கட்டண உதவியும் ஐஸ் பெட்டித் தள்ளுபடியும் யாரை எட்டுகின்றன, யாரைத் தாண்டிப் போகின்றன என்பதற்கான விடை அந்தத் தாமதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேராக்கை எடுத்துக்கொள்வோம். பேராக் நதி நீர்மின் நிறுவனம் 1926-இல் தொடங்கப்பட்டது. செண்டரோ அணை 1930-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்காக வந்த மின்சாரம் அது. ஈயம் வாரும் இயந்திரக் கப்பல்கள் இரவு பகலாக ஓடின. நான் இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் இதே பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே 1911-இல் கட்டிய மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அதோடு சங்காட் கிண்டிங் போன்ற தோட்டங்களும் உண்டு. "பத்து மணிக்கு இஞ்சின நிப்பாட்டிருவான், அதுக்குள்ள சோத்தத் தின்னுட்டுப் படுத்துரணும்" என்று தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் சொல்வார்கள். துரை பங்களாவுக்கு ஒரு கணக்கு, லயத்துக்கு வேறு கணக்கு.

இதைத் துரையின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று காலனியச் சட்டம் வகுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராம மேம்பாடு என்ற பெயரில் சாலையும் குழாயும் கம்பமும் கம்பங்களுக்குப் போயின (மலாய் கிராமத்தையும் மின்கம்பத்தையும் நாம் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம்). தோட்டம் தனியார் நிலம் என்பதால் அந்தத் திட்டங்களுக்கு வெளியே நின்றது. அரசாங்கம் முதலாளியைக் கைகாட்டியது, முதலாளி செலவுக் கணக்கைக் காட்டினார். தோட்ட வீடுகளுக்குப் போதிய மின்சாரமும் இலவசக் குழாய் நீரும் தர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. செண்டரோ அணைக்கு அப்போது அறுபது வயது.

அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டிருந்தன, ரப்பர் போய் செம்பனை வந்திருந்தது, பல இடங்களில் தாமான்கள் முளைத்திருந்தன. ஜனங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். நிலப்பட்டா இல்லாத குடிசைக்கு மீட்டர் கிடைப்பது கஷ்டம். பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுத்து, மாதம் இத்தனை வெள்ளி என்று கையில் கொடுத்தார்கள். அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தால் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். லயத்திலிருந்து வெளியே வந்த பிறகும் பலருக்கு மீட்டர் சொந்தமாகவில்லை.

இப்போது உதவித் திட்டங்களைப் பார்ப்போம். 2008 அக்டோபரில் தொடங்கிய சலுகைப்படி, மாத பில் 20 ரிங்கிட்டுக்குள் இருந்தால் எதுவும் கட்ட வேண்டாம். யூனிட் 21.8 சென் என்றால் ஏறக்குறைய 91 யூனிட். இரண்டு காற்றாடிகள் தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 42 யூனிட். பழைய ஐஸ் பெட்டி நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால் இன்னும் 45. விளக்கும் டிவியும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். தாண்டினால் முழுப் பணமும் கட்ட வேண்டும். 2019-இலிருந்து இ-காசே வறியோர் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் 40 ரிங்கிட் வரை கழிவு என்று மாற்றினார்கள். தொகை கூடியது, ஆட்கள் குறைந்தார்கள். தமிழ்நாட்டில் 2016-இல் வந்த 100 யூனிட் இலவசம் வேறு மாதிரி. அதிகம் செலவழிப்பவருக்கும் முதல் நூறு இலவசம்தான்.

இரண்டாவது வகை உதவி, மின்சாரம் குறைவாக இழுக்கும் சாமானுக்குத் தள்ளுபடி. 2011-இல் ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டிக்கு 200 ரிங்கிட் கொடுத்தார்கள். 2021-இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் மீண்டும் 200. நல்ல எண்ணம்தான். ஆனால் மீதிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் அந்த 200-ஐ வாங்க முடியும். நம் வீடுகளில் ஐஸ் பெட்டி பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். அதிகக் கரண்டு இழுக்கும் பழைய பெட்டி ஏழை வீட்டுக்கு வருகிறது, அதற்கான பில்லை ஏழை கட்டுகிறார்.

அமெரிக்காவில் 1976-லேயே ஒரு திட்டம் தொடங்கினார்கள். வருமானம் குறைந்த குடும்பத்தின் வீட்டுக்கே ஆள் வந்து, குளிர் புகும் இடுக்குகளை அடைத்து, வெப்பம் வெளியேறாதபடி சுவரையும் கூரையையும் சரிசெய்து தருவார்கள். நமக்குப் பிரச்சினை குளிரல்ல, தகரக் கூரை. பகலெல்லாம் காய்ந்த கூரைக்குக் கீழே இரவு முழுக்கக் காற்றாடி ஓடுகிறது. அந்தக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு போட்டுக் கொடுத்தால் மாதாமாதம் பில்லைக் குறைக்கும். ஆனால் கூரையில் கைவைக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டும். துரையின் வீட்டில் ஆணி அடிக்கக்கூட யோசித்த அதே நிலையில்தான் இன்றைய வாடகைக்காரரும் இருக்கிறார்.

பில்லில் பெயர் உள்ளவரைத் தேடிப்போகும் உதவி, நூறு வருஷமாக இரவல் வெளிச்சத்தில் வாழ்ந்தவர்களைத் தற்செயலாகத்தான் சேரும். தள்ளுபடித் தொகையை எவ்வளவு உயர்த்தலாம் என்று விவாதிப்பதற்கு முன்னால் யார் யார் வீட்டில் சொந்த மீட்டர் இல்லை என்று கணக்கெடுக்க வேண்டும். வாடகைக்காரரின் பெயரிலும் உதவி பதிவாக வழி வேண்டும். நம் சங்கங்கள் அரசாங்கத்திடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.