காலையில் பிரெட் ஜாம்... 11 மணிக்கே பசி! குழந்தைகளுக்கு ஏன் இப்படி ஆகுது?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள பல வீடுகளில் அவசரமா நீட்டுவது பிரெட் ஜாம்தான். வயிறு நிரம்பியும் சீக்கிரமே பசிப்பது ஏன்?

உடலில் என்ன நடக்குது?

மைதா பிரெட், ஜாம், இனிப்பு கார்ன்ஃபிளேக்ஸ் வேகமாகச் செரிக்கும். ரத்த சர்க்கரை சட்டென ஏறும். அதைக் குறைக்க இன்சுலின் அதிகம் சுரக்கும். சர்க்கரை வேகமாக இறங்கினால் மறுபடியும் பசி எடுக்கும். பருப்பு, முட்டை, காய்கறி சேர்ந்தால் செரிமானம் மெதுவாகும்.

ஆய்வு என்ன சொல்லுது?

1999ல் வெளியான அமெரிக்க ஆய்வு, உடல் பருமன் உள்ள 12 டீன் ஏஜ் சிறுவர்களிடம் நடந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கலோரி ஒன்றாக இருந்தும், இன்ஸ்டன்ட் ஓட்ஸ் சாப்பிட்ட நாளில், காய்கறி ஆம்லெட் சாப்பிட்ட நாளைவிட 81% அதிகமாக அடுத்தடுத்து சாப்பிட்டார்கள்.

அரசுப் பள்ளியில் என்ன தர்றாங்க?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கியது. 2024 ஜூலை 15ல் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவானது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கலுடன் காய்கறி சாம்பார் கிடைக்கும். வெறும் ரவையின் வேகத்தைக் குறைப்பது சாம்பாரின் பருப்பும் காயும்தான். அதனால சாம்பாரை ஒதுக்க விடாதீங்க.

வீட்டில் என்ன மாற்றலாம்?

இட்லிக்குச் சர்க்கரை வேண்டாம், சாம்பார் ஊத்துங்க. தோசையில் முட்டை சேர்க்கலாம். பிரெட்தான்னா ஜாமுக்குப் பதில் ஆம்லெட்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் குழந்தைக்கு, டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றவோ, காலை உணவைத் தவிர்க்கவோ கூடாது.