ஹாபர் என்னும் சொல்

ஒலுவிலில் துறைமுகத்தை 'ஹாபர்' என்பாரும் உளர். இவ்வாங்கிலச் சொல் பிறந்த இடம் கடற்கரையன்று, படைவீடு. பழைய ஜெர்மானிய மொழிகளில் படையையும் காப்பிடத்தையும் குறித்த இரு சொற்கள் இணைந்து, படை தங்குமிடம் என்ற பொருளில் இது தோன்றியது. காலப்போக்கில் படை மறைந்தது; வழிப்போக்கர் தங்கும் சத்திரம் பொருளாயிற்று. இதற்கு உறவான பிரெஞ்சுச் சொல் 'ஓபேர்ஜ்' இன்றும் சத்திரத்தையே குறிக்கிறது. கப்பல்களின் புகலிடம் என்ற பொருள் பிற்பட்டதே. வினையாக வரும்போது, குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தலையும் நெஞ்சில் வன்மம் வளர்த்தலையுங்கூட இச்சொல் சுட்டும்!

நம் சொல்லின் வரலாறு வேறு. துறை என்பது மக்கள் நீரில் இறங்கும் இடம். குளிப்போரும் துணி வெளுப்போரும் தோணி ஏறுவோரும் கூடிய இடம். முகம் என்பது அதன் வாயில்.

டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. இரு சொற்களும் அங்கே பொய்த்தன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்பணை மறித்தது. வாயில் மணலால் தூர்ந்தது. படகுகள் நுழைய இயலவில்லை. வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாக, மணல்வரத்து அற்ற கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. துறைமுகத்திற்காகக் காணி இழந்தோர் நட்டஈட்டுக்காகக் காத்திருந்தனர்.

கரைவலைத் தொழிலாளிக்கு வேண்டியது அகன்ற மணற்கரை ஒன்றே. அவன் அறிந்த புகலிடம் அதுதான். அரிப்பைத் தடுக்கவெனக் கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினர். அக்கற்களின் மீது வலையை இழுப்பது எங்ஙனம்?