தோட்டத்துக் கூச்சப் பறவைகளைப் படமெடுத்தல் (தாமிரபரணிக் கரை)

வீட்டுப் புறவாசலிலும் தோப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நடமாடினாலும், ஆள் அரவம் கேட்டதும் மறைந்துவிடும் பறவைகளை ஒளிப்படம் எடுக்கும் கலை. வீட்டை விட்டு நகராமல் செய்யும் வேலை என்பதால் எளிது என்று தோன்றும். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவைப் படமெடுப்பதைவிட இது கடினம். அங்கே பறவை பெரிது, கூட்டமாக இருக்கும், ஊராரோடு பழகியது, வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. புறவாசலில் கிடைப்பது ஒற்றைப் பறவை, மர நிழல், சில விநாடிகள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கி.மீ. அதற்குள் கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் எனப் பல கால்வாய்கள் பிரிந்து வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் பின்புறம் வாய்க்காலிலோ வயலிலோ போய் முடியும். அதனால் செம்போத்து, வால்காக்கை, மாங்குயில், குண்டுகரிச்சான், தையல்சிட்டு ஆகியவற்றோடு வாய்க்கால் புதரிலிருந்து கானாங்கோழியும் வந்து எட்டிப் பார்க்கும். குளிர்காலத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் வரும். அதே பருவத்தில் வருவதுதான் இந்தக் கலைக்கே அளவுகோல் எனத்தக்க தோட்டக்கள்ளன்.

தோட்டக்கள்ளனுக்கு ஆறுமணிக்குருவி என்றும் பெயர். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூப்பிடும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வந்து சேரும். மைனாவைவிடச் சிறிது, நீளம் சுமார் 19 செ.மீ., கட்டை வால். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, சிறகில் நீலத் திட்டு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை என இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் கண்ணில் படாது. இரண்டு தத்து தத்தும், நிற்கும், கட்டை வாலை மெல்ல ஆட்டும், அலகால் ஒரு சருகைப் பக்கவாட்டில் தள்ளி, அடியிலிருக்கும் புழுவையோ பூச்சியையோ எடுக்கும். மறுபடி தத்தும். படம் கிடைப்பது அந்த நிற்கும் நேரத்தில்தான்.

ஆகவே முதல் கருவி சருகு. மாமரத்தடியையும் புங்கமரத்தடியையும் தினமும் பெருக்கித் துடைத்து வைக்கும் வீட்டில் இந்தப் பறவைக்கு வேலையே இல்லை. லென்ஸ் வாங்கும் முன் தோட்டத்தின் ஒரு மூலையை வாரியல் படாமல் விட்டுவிடுவது நல்லது. இதைச் செய்யாமல், விலையுயர்ந்த கேமராவோடு பறவை வரவில்லை என்று வருந்துவோர் பலர்.

இரண்டாவது கருவி தண்ணீர். அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடைக்கு மேற்படாத ஆழத்துக்கு நீர் விட்டு, மேலே அடியில் சிறு துளையிட்ட பானையைத் தொங்கவிட்டால், சொட்டும் நீரின் அசைவு பறவையை இழுக்கும். பறவை ஒதுங்கச் சற்று எட்ட ஒரு புதர் வேண்டும். சட்டியை ஒட்டியே புதர் இருந்தால் பூனைக்குத்தான் வசதி. தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

மறைவிடம் பற்றிய சிந்தனை பழையது. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டு வாக்கில் உள்ளீடற்ற மாட்டுப் பொம்மைக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படமெடுத்தார்கள். நம் வீட்டில் அவ்வளவு பாடு வேண்டாம். கம்பி போட்ட ஜன்னலே போதும். அறையின் விளக்கை அணைத்து, முதுகுப் பக்கம் இருட்டுத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸ் கம்பியைத் தாண்டி நீளாதபடி உட்கார வேண்டும். வெளியே என்றால் ஓலைத் தட்டி. அதற்குள் இருவராகப் போய் ஒருவர் மட்டும் திரும்பி வந்துவிட்டால், ஆள் போய்விட்டதாகப் பறவை எடுத்துக்கொள்ளும் என்பது படக்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் உத்தி.

புறவாசலில் குனிந்து பாத்திரம் தேய்க்கும் பெண்ணைக் குண்டுகரிச்சான் சட்டை செய்வதில்லை. அதே இடத்தில் புதியவர் ஒருவர் பதுங்கிப் பதுங்கி, நேருக்கு நேர் பார்த்தபடி வந்தால் பறந்துவிடும். பூனையும் வல்லூறும் அப்படித்தான் பார்க்கும். தினமும் ஒரே நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விடுபவருக்குப் பத்து நாளில் கிடைக்கும் நெருக்கம், வேற்றாளுக்கு ஒரு மாதத்திலும் கிடைக்காது.

நெருக்கம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். முழுச்சட்டக் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் பொருத்தி 4 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் படத்தில் அடங்கும் அகலம் சுமார் 36 செ.மீ. தோட்டக்கள்ளன் அதில் பாதியை நிரப்பும். 8 மீட்டரிலிருந்து என்றால் கால் பங்குதான். ஆனால் அந்த 4 மீட்டரில், எஃப் 5.6 திறப்பில், கூர்மை விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே, கண்ணில் குவியம் தப்பினால் படம் வீண். மாமரத்தடியில் காலை ஆறரைக்கு வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றியும் 1/125 விநாடிதான் கிடைக்கலாம். மணல் நிரப்பிய துணிப்பையைத் தரையில் போட்டு, அதன்மேல் கேமராவைக் கிடத்தி, பறவையின் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் அது போதும். ஓசை எழுப்பாத மிரர்லெஸ் கேமரா இதற்கு நல்ல துணை. கானாங்கோழியின் வெள்ளை மார்பு வெயிலில் வெளுத்துப்போகும் என்பதால் ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். செம்போத்தின் கருமைக்குக் கூட்ட வேண்டும்.

மேற்கே மலை இருப்பதால் அம்பாசமுத்திரம் பக்கம் அந்தி வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். சாரல் மாதங்களில் மேகமும் சேர்ந்துகொள்ளும். எனவே காலைதான் நம்பத்தக்க நேரம்.

இந்திய இயற்கை எழுத்தின் முன்னோடியும் ஒளிப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) திருநெல்வேலியில் பிறந்தவர்; ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்ற அவர், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமரா அமைத்துக்கொண்டார். 1950 முதல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிவந்த பத்தியில் காகம், மைனா, அணில் போன்ற வீட்டோர உயிர்களையும் யானைக்குக் காட்டிய அதே கவனத்தோடு எழுதினார். தோட்டப் பறவையைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியவர் அவரே.

கூட்டைப் படமெடுப்பதைத் தவிர்ப்பதே முறை. நல்ல கோணத்துக்காக ஒரு கிளையை விலக்கினாலும் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் இலக்காகிவிடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் தீங்கு. எல்லைக்குள் எதிரி நுழைந்ததாக எண்ணி, இரை தேடும் நேரத்தைப் பறவை அலைவதில் கழிக்கும். கடனாநதி தாமிரபரணியோடு கூடும் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றிய மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவதை ஊரே காத்துவந்தது. 2005இல் அரசு அதைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவித்தது. அந்த மரியாதை வீட்டு முருங்கையில் தைத்திருக்கும் தையல்சிட்டின் கூட்டுக்கும் உரியது.

பிசான அறுவடை முடிந்து கால்வாய் வற்றும் சித்திரை, வைகாசியில் மண்சட்டிக்குக் கூட்டம் மிகுதி. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் குறையும். தோட்டக்கள்ளனுக்கு ஆயத்தம் செய்பவர்கள் ஆவணி கடைசியிலேயே மாமரத்தடியைப் பெருக்குவதை நிறுத்திவிட வேண்டும்.