குறைமாதக் குழந்தைகளுக்கான இதய மருந்து அளவு

கருவுற்று 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. அவற்றுள் 30 வாரத்தை எட்டாதவற்றுக்குப் பிறந்த முதல் நாளிலேயே இரத்த ஓட்டம் தளரும் ஆபத்து உண்டு. அந்தத் தளர்ச்சியைத் தடுக்கவோ சரிசெய்யவோ தரும் இதய மருந்துகளுக்கு உரிய அளவைத் தேடிய வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது, இன்னும் முடியவில்லை. கெடா மாநிலத்தில் இத்தகைய குழந்தைகள் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்றவற்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வளர்க்கப்படுகின்றன. அங்கே சிரிஞ்ச் பம்ப் வழியாகச் சொட்டும் மருந்தின் அளவுக்கு ஆதாரமான முக்கிய ஆய்வுகள் கடல் கடந்து நடந்தவை.

கெடாவின் பால்மரத் தோட்டங்களில் குறைமாதப் பிறப்பு புதிதன்று. கர்ப்பிணியைத் தாக்கும் மலேரியா சிசுவின் எடையைக் குறைக்கும், பிரசவத்தை முந்தவைக்கும். இரத்தசோகையோடும் வயிற்றுச் சுமையோடும் பெண்கள் விடியலுக்கு முன்பே பால்மரம் சீவப் போனார்கள். லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரசர்தான் வைத்தியர்; தாய் வேலைக்குத் திரும்பியதும் ஆயாக்கொட்டகைதான் தொட்டில். 1950களில் கெடாவின் ஜித்ராவிலேயே கிராமச் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சிப் பள்ளி இயங்கியது. அதையொட்டி வளர்ந்த அரசாங்கச் சுகாதாரச் சேவை மலாய்க் கிராமங்களான கம்பங்களைச் சென்றடைந்தது. தோட்டங்கள் முதலாளிகளின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டதால் அங்கிருந்த தாய்மாருக்கு அது தாமதமாகவே கிட்டியது. இந்த ஒதுக்கலைச் சிறிய நிர்வாக விவரமாகக் கடந்துபோக முடியாது. விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 முதல் வயதை எட்டவில்லை. இந்த நூற்றாண்டில் அது பத்துக்கும் கீழே இறங்கியது. ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்னும் கேட்கிறது. உண்மை நேர்மாறு: கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலமே.

குறைமாதக் குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறிய வடிவம் அன்று. கல்லீரலும் சிறுநீரகமும் முதிராததால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். பெரியவருக்கான அளவை எடைக்கேற்ப வகுத்துக் கொடுத்தால் போதும் என்று நம்பியதன் விலையை உலகம் 1959இல் அறிந்தது. தொற்றைத் தடுக்கக் குளோராம்பெனிகால் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் குலைந்து இறந்ததை அமெரிக்க மருத்துவர்கள் அந்த ஆண்டு பதிவு செய்தனர். மருந்து கெட்டுப்போனதன்று; அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அந்தக் கல்லீரல்களுக்கு வரவில்லை. இதய மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்படியிருந்தும் டோபமினும், 1970களில் உருவான டோபுட்டமினும் பெரியவர்களின் வார்டிலிருந்து குழந்தைகள் வார்டுக்கு வந்தபோது போதிய சோதனை உடன் வரவில்லை.

மருத்துவர்கள் அப்போது பார்த்தது இரத்த அழுத்தத்தை. அழுத்தம் குறைந்தால் டோபமின், ஏறினால் நிம்மதி. ஆனால் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுமே தவிர தண்ணீர் வரத்து கூடாது. குறைமாதக் குழந்தைக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் நஞ்சுக்கொடி என்ற எளிய வழி மூடப்படுகிறது. இரத்தக் குழாய்களின் எதிர்ப்பு சட்டென்று உயர்கிறது. முதிராத இதயத்தசை அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறுகிறது.

இதை அளந்து காட்டியவர்கள் சிட்னி நகர மருத்துவர்கள் மார்ட்டின் க்ளக்கோவும் நிக் எவான்சும். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் மேற்பெருஞ்சிரையின் ஓட்டத்தை எக்கோ கருவியால் அளந்தார்கள். 2000இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 30 வாரத்துக்கு முன் பிறந்த 126 குழந்தைகளில் 38 விழுக்காட்டினருக்கு முதல் நாளில் அந்த ஓட்டம் நலமான குறைமாதக் குழந்தைகளிடம் காணும் அளவுக்கும் கீழே போனது. பிறந்து 5 முதல் 12 மணி நேரத்துக்குள் ஓட்டம் அடித்தளம் தொட்டது. பின்னர் அது மீளும்போது அவர்களில் சிலருக்கு மூளையின் மெல்லிய நாளங்களில் கசிவு நேர்ந்தது. பிறகு நடக்க வேண்டிய, பேச வேண்டிய பிள்ளையின் எதிர்காலம் இந்தச் சில மணி நேரத்தில் முடிவாகிவிடலாம்.

2002இல் டேவிட் ஆஸ்போர்னும் இவர்களும் ஓட்டம் குறைந்த 42 குழந்தைகளில் டோபமினையும் டோபுட்டமினையும் ஒப்பிட்டார்கள். டோபமின் அழுத்தத்தை நன்றாக உயர்த்தியது. டோபுட்டமின் ஓட்டத்தை நன்றாக உயர்த்தியது. சுமார் 40 விழுக்காட்டினருக்கு எதுவும் போதவில்லை.

ஆகவே விழுந்தபின் தூக்குவதைவிட விழாமல் காப்பது மேல் என்று மில்ரினோனை நாடினார்கள். இது இதயத்தசையை வலுப்படுத்துவதோடு குழாய்களையும் தளர்த்தும். இதய அறுவை முடிந்த சிறார்களிடம் அது பலன் தந்ததை 2003இல் வெளியான பெரிய சோதனை காட்டியிருந்தது: போலி மருந்து பெற்றவர்களில் 25.9 விழுக்காட்டினருக்கு இதய வெளியீடு குறைந்தது; அதிக அளவு மில்ரினோன் பெற்றவர்களில் 11.7 விழுக்காட்டினருக்கே. அந்த அளவை அப்படியே 700 கிராம் குழந்தைக்குக் கொண்டுவர மேரி பாரடிசிஸ் தலைமையிலான சிட்னி குழு மறுத்தது. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்கது இந்த மறுப்பே. பலன் தெரிந்த மருந்து கையில் இருக்கும்போது, அளவு தெரியும்வரை பொறுத்திருக்கத் துணிவு வேண்டும்.

அவர்கள் முதலில் ஒரு சிறு சோதனையில் வெவ்வேறு அளவுகளைக் கொடுத்து, இரத்தத்தில் மருந்தின் செறிவை அளந்தார்கள். பெரியவர் உடலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, இந்தக் குழந்தைகளிடம் பாதியாக ஏறத்தாழ 10 மணி நேரம் எடுத்தது. இதன்படி சீரான வேகத்தில் சொட்டவிட்டால் செறிவு உரிய நிலையை எட்டும் முன்பே ஆபத்தான மணிகள் கடந்துவிடும். வேகத்தைக் கூட்டி விட்டுவைத்தால் மருந்து தேங்கி அழுத்தம் சரியும். எனவே முதல் 3 மணி நேரம் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்திற்கு 0.75 மைக்ரோகிராம், பிறகு 0.2 மைக்ரோகிராம் என்ற முறை பிறந்தது. அந்த அளவு பெற்ற சிறு குழுவில் ஓட்டம் தளரவில்லை.

பிறகு 90 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பிறந்த 6 மணி நேரத்துக்குள் மில்ரினோனோ போலி மருந்தோ கொடுத்தார்கள். 2009இல் வந்த முடிவு: இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. சிறு குழுவில் கண்ட வெற்றி பெரிய ஒப்பீட்டில் நிற்கவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு; ஏற்க இயலாது. குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் தடுப்பாக மில்ரினோன் ஏற்றும் பழக்கம் பரவியிருந்தால் பலனற்ற மருந்தின் பக்க விளைவை எத்தனை குழந்தைகள் சுமந்திருக்கும்!

அடுத்த தடை மருந்தில் இல்லை, சம்மதத்தில் இருந்தது. அழுத்தம் குறைந்த குழந்தைக்கு டோபமின் வேண்டுமா, காத்திருக்கலாமா என்று ஆராய ஐரோப்பாவில் திட்டமிட்ட ஹிப் என்ற சோதனை 830 குழந்தைகளை எதிர்பார்த்தது. 58 பேரோடு நின்றது. அதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. பிரசவ வலியில் இருக்கும் தாயிடம் சில மணி நேரத்துக்குள் கையெழுத்துக் கேட்பது இயல்பான செயல் அன்று.

கெடாவில் இத்தகைய சோதனை நடந்தால் சிக்கல் இன்னும் கூடும். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்த குடும்பத்தில் தந்தை தொழிற்சாலை இரவு ஷிப்டில் இருப்பார், தாய் அறுவைப் பிரசவ மயக்கத்தில் இருப்பார். மலாயில் எழுதிய நான்கு பக்கத் தாளைப் பாட்டி வாங்கிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அங்கே பெறும் கையெழுத்தை உண்மையான சம்மதம் என்று சொல்ல மனம் ஒப்பாது. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளுக்கு அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்குச் செல்லும் விண்ணப்பத்தோடு தமிழ் விளக்கத் தாளும் இருக்க வேண்டும். குறைப்பிரசவ அறிகுறி தெரிந்த தாயிடம் கிளினிக்கிலேயே, வலி தொடங்கும் முன், தமிழ் பேசும் தாதியோ, செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்துச் சுங்கைப்பட்டாணி வார்டுகளில் பயின்ற இளம் மருத்துவரோ உட்கார்ந்து சொல்ல வேண்டும்: இந்த மருந்து பலன் தருமா என்பது எங்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம், நீங்கள் மறுத்தாலும் பிள்ளைக்குக் கிடைக்கும் கவனிப்பில் குறை வராது.